உடைந்த ஷாஃப்டுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூசைக்குப் பொட்டு வாங்காமல் எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் தப்பித்ததில்லை. ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மெஷின் எல்லாம் எல்லார் வீட்டிலும் வைப்பதுதான். நாங்கள் டிவி ரிமோட்டுக்கு வைப்போம். கேஸ் அடுப்பு லைட்டருக்கு வைப்போம். ஒரு வருஷம் அம்மாவுக்கு சர்க்கரை பார்க்கும் மெஷினுக்கு வைத்தேன். அதற்கப்புறம் யார் விரலைக் குத்தினாலும் அது ஒரே நம்பரைத்தான் காட்டியது. அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் பார்ப்பவர். அங்கே மண் வெட்டும் மெஷின் எங்கள் குவார்ட்டர்ஸைப் போலப் பல மடங்கு உயரம். அதற்கே ஆள் ஏறிப் போய்ப் பொட்டு வைப்பார்கள் என்று சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தார். நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த பிளாக்கில் பிறந்த பிள்ளையானாலும் அப்படித்தான். அந்த ஒரு நாள், இரும்பைக் கண்டால் கை தானாகச் சந்தனக் கிண்ணத்துக்குப் போய்விடும்.

இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். நான் செய்த காரியத்துக்கு எனக்கிருக்கிற ஒரே சாக்கு இதுதான்.

மெட்டலர்ஜி படித்து முடித்தவுடன் எனக்கு ஒரு தனியார் டெஸ்டிங் லேபில் வேலை கிடைத்தது. டவுன்ஷிப்பைத் தாண்டி வடக்குத்து கிராமத்துப் பக்கம் போகிற ரோட்டில், இரண்டு முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருந்தது. செங்கல், சிமெண்ட், தண்ணீர் என்று எது வந்தாலும் சோதிப்போம். ஒரு ரூமில் மட்டும் ஏசி உண்டு. அதில் ஓர் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் இருந்தது. எங்கேயோ ஒரு காலேஜ் வேண்டாமென்று விற்றதை முதலாளி வாங்கிப் போட்டிருந்தார். பெரிய சைஸ் மைக்ரோவேவ் அடுப்பு மாதிரி மேசை மேல் உட்கார்ந்திருக்கும். முதலாளி சென்னையில் இருந்தார். மெஷினைவிட அதிகமாக அவர் போன்தான் சத்தம் போடும்.

அதை ஓட்டுகிறவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மந்தாரக்குப்பத்திலிருந்து பைக்கில் வருவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மெஷினிடம் அவர் பேசுகிற மரியாதையில் பாதியை எங்களிடம் பேசினால் நாங்கள் பூரித்துப் போயிருப்போம். முதல் நாளே என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இந்த மெஷினுக்கு ரெண்டே விஷயம்தாம்மா ஆவாது. ஈரம், அவசரம். ஈரத்த நான் பாத்துக்கறேன். நீ உன்னப் பாத்துக்க."

வேலை சுலபம், அவசரப்படாவிட்டால். இந்த மைக்ரோஸ்கோப் வெளிச்சத்தை வைத்துப் பார்ப்பதில்லை. எலக்ட்ரான்களைப் பாய்ச்சிப் பார்க்கிறது. அதற்குள்ளே காற்றே இருக்கக்கூடாது. அதனால் உள்ளே போகிற சாம்பிள் சுக்கு மாதிரிக் காய்ந்திருக்க வேண்டும். ஸ்டப் என்று ஓர் அலுமினியத் துண்டு உண்டு. சட்டைப் பொத்தானுக்குக் கீழே ஒரு கால் முளைத்த மாதிரி இருக்கும். அதன் மேல் இரண்டு பக்கமும் ஒட்டுகிற கறுப்புக் கார்பன் டேப், டேப்பின் மேல் சாம்பிள். உயரம் கூடினால் உள்ளே தலை இடித்துவிடும். மின்சாரம் கடத்தாத சாம்பிளாக இருந்தால் அதன் மேல் மெல்லிசாகத் தங்கம் பூச வேண்டும். ஆமாம், நிஜத் தங்கம். அம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி: "அத சுரண்டி எடுக்க முடியுமா?"

இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டேன். மூன்றாவது வாரம் கைக்குக் கிடைத்ததையெல்லாம் மெஷினுக்குள் ஏற்றிப் பார்த்தேன். எறும்பின் தலை, என் தலைமுடி (பார்த்திருக்கவே கூடாது), அப்பாவின் யூனிபார்ம் நூல். அப்புறம் எங்கள் மொட்டை மாடித் துணிக்கொடியில் படிகிற சாம்பல். அம்மா வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருக்கிற அந்தச் சாம்பல், மெஷினில் அத்தனை அழகாக இருந்தது. எல்லாம் உருண்டை உருண்டை. வேகவைத்த ஜவ்வரிசியைக் கொட்டிய மாதிரி. அனல்மின் நிலையத்து பாய்லர் சூட்டில் உருகித் துளியாகிப் பறந்து, பறக்கும்போதே ஆறிவிடுவதால் சாம்பலில் இப்படி உருண்டைகள் வருகின்றன என்று பாய் சொன்னார். இந்த உருண்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

பூசைக்கு நாலு நாள் இருக்கும்போது இரண்டு பேர் ஒரு சாக்குப் பையோடு வந்தார்கள். ஒருவர் அதே ரோட்டில், அந்தப் பாய்லர் சாம்பலில் செங்கல் போடும் கம்பெனி வைத்திருப்பவர். இன்னொருவர் கம்மாபுரம் பக்கத்து வெல்டர். ஒரே பையைத் தூக்கி வந்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பைக்குள் உடைந்த ஷாஃப்ட், அதாவது சுழலும் இரும்புத் தண்டு, இருந்தது. செங்கலுக்குச் சாம்பலும் சிமெண்டும் கலக்குகிற மிக்ஸருடையது.

"இவன் ஒட்டுன ஒட்டு எட்டு நாளு தாங்கல பாய்," என்றார் செங்கல் முதலாளி.

"ஒட்டு அப்படியே கீதுங்க. அதுக்குப் பக்கத்துல ஒடைஞ்சிருக்குது," என்றார் வெல்டர், மெஷினைப் பார்த்து. "உள்ளாற பழைய கீறல் இருந்திருக்கும்."

"இருந்தா ஒட்டறப்ப கண்ணு தெரியாதா?"

"சாம்பலு சாணி மாரி அப்பிக்கினு இருந்துச்சு. தொடச்சுக் குடுங்கன்னு சொன்னனா இல்லியா? லோடு நிக்குது, ஒட்டுய்யான்னீங்க."

விஷயம் இதுதான். ஷாஃப்ட் உடைந்த அன்றே முதலாளி ரோட்டிலிருந்த மற்றச் செங்கல் கம்பெனிக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, இந்த ஆளிடம் வெல்டிங் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். வரச் சொல்லியிருந்த மூன்று இடத்திலிருந்தும் வெல்டருக்கு வேண்டாம் என்று தகவல் வந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த ஊர் இந்த ரோடுதான். இந்த ரோட்டில் பேர் கெட்டால் கெட்டதுதான். கடைசியில் யாரோ சமாதானம் பேசி, லேபில் காட்டலாம் என்று முடிவானது. கீறல் பழசு என்று லேப் சொன்னால், அத்தனை பேருக்கும் தானே மறுபடி போன் போடுவதாக முதலாளி ஒத்துக்கொண்டிருந்தார்.

"மிஷினு சொல்றத கேட்டுக்கறேன் பாப்பா," என்று வெல்டர் என்னிடம் சொன்னார். "ஆளு சொல்றததான் கேக்க முடியல."

ஷாஃப்டின் மறுபாதியைக் கேட்டோம். அவசரத்தில் அதை லேத்துக்கு அனுப்பி, உடைந்த முனையைக் கடைந்து தள்ளியாகிவிட்டதாம். ஆக, இருப்பது இந்த ஒரு முகம்தான். பாய் அந்த முகத்தை மூடிக் கட்டி, இரும்புத் தூள் துளிகூட அதில் விழாமல், ஒரு மணி நேரம் அறுத்துக் கட்டைவிரல் அளவுக்குத் துண்டு எடுத்தார். ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட கண்ணாடி ஜாடியில் வைத்து மூடினார். "பூசை முடிஞ்சதும் பாப்போம். யாரும் தொடாதீங்க" என்றார். யாரும் என்றால் நான்.

ஆயுத பூசையன்று பாய்தான் பொரி, கடலை, வாழைப்பழமெல்லாம் வாங்கி வந்தார். ஒவ்வொரு வருஷமும் அவர்தான் வாங்குவாராம், மற்றவர்கள் வாங்கினால் கடலை நமத்திருக்குமாம். மெஷினின் கதவைச் சுற்றிப் பாலிதீன் சுற்றி டேப் ஒட்டினார்.

"வெளிய என்ன வேணா பண்ணிக்குங்க. உள்ளாற ஒரு பொட்டு போச்சுன்னா நான் பொறுப்பில்ல."

பொட்டு வைக்கிற வேலை எனக்கு. மூன்று கோடு விபூதி, நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். மெஷின் தலையில் ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர், கீபோர்டு, மவுஸ், வேக்குவம் பம்ப், தங்கம் பூசுகிற மெஷின், இடுக்கி, ஸ்டப் டப்பா, பாயின் சுழல் நாற்காலி. கை சூடேறிவிட்டது. மேசையில் டிஷ்யூ பேப்பர் மேல் ஓர் இரும்பு இருந்தது. அதற்கும் வைத்தேன். சின்னதாக இருந்ததால் கவனமாக, சுண்டுவிரலால் கோடு போட்டு வைத்தேன். பூவில் ஓர் இதழைக் கிள்ளி மேலே வைத்ததாகக்கூட ஞாபகம்.

காலையில் போட்டோ எடுக்க ஜாடியிலிருந்து அதை எடுத்ததும் நான்தான். திருப்பி வைக்காததும் நான்தான்.

எல்லாரும் பொரி தின்றுகொண்டிருந்தபோது பாய் மேசைப் பக்கம் போனார். குனிந்து பார்த்தார். அப்புறம் கூப்பிட்டார்.

"இங்க வாம்மா. இது யாரு?"

பார்த்தேன். வாயிலிருந்த பொரி வாயிலேயே நின்றுவிட்டது.

"கற்பூரம் காட்டினியா?"

"காட்டினேன் பாய்."

"அப்ப சரி. நல்லபடியா போய்ச் சேந்திருக்கும்."

அழுதிருப்பேன், ஆனால் வாய் நிறையப் பொரி. அறிவாளி மாதிரி ஒரு யோசனை சொன்னேன்: "அசிட்டோன்ல கழுவிடலாம் பாய். யாருக்கும் தெரியாது."

"தெரியாது. நாளைக்கு உள்ளாற ஏதாச்சும் தெரிஞ்சா, அது ஷாஃப்டுல இருந்ததா, நீ வச்சதான்னு நமக்கும் தெரியாது." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "ஒன்னும் நிரூபிக்க முடியலன்னு ரிப்போர்ட் போனா, அந்த ஆளுக்கு அது 'தப்பு உன்னுதுதான்'னு எழுதின மாதிரி. போன் போட்டு நீயே சொல்லு."

வெல்டருக்கு நானே போன் போட்டேன். சொல்லி முடித்தேன்.

"பொட்டா?"

"ஆமாங்க."

"ஒடைஞ்சதுக்கா?"

"ஆமாங்க."

"நீ எந்தூரு பாப்பா?"

"டவுன்ஷிப்புங்க."

"அதான்." பெருமூச்சு விட்டார். "தொடச்சிரு. ஆனா நீ வச்சத மட்டும் தொட. முன்னயே உள்ளாற இருந்தத தொடச்சிராத."

காலேஜில் ஒரு முழு செமஸ்டரில் சொல்ல வேண்டியதை அவர் அந்த ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அடுத்த இரண்டு நாளும் நாங்கள் செய்தது அதைத்தான்.

பள்ளிக்கூடத்தில் உள்ளங்கையில் பசை தடவி, காயவைத்து, தோல் மாதிரி உரிப்போமே, அதே விளையாட்டு. கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு மெல்லிய பிலிமை அசிட்டோனில் நனைத்து, இளகியதும் உடைந்த முகத்தில் அழுத்தி ஒட்ட வேண்டும். காய்ந்ததும் உரித்தால் மேலே ஒட்டியிருப்பதெல்லாம் அதோடு வந்துவிடும். இரும்பிலேயே பதிந்திருப்பது வராது. காய்வதற்கு அரை மணி நேரம். நான் இருபதாவது நிமிஷத்தில் கை நீட்டுவேன், பாய் ஸ்கேலால் தட்டுவார். முதல் உரியலில் பாதிக் குங்குமம் வந்தது. இரண்டாவது மஞ்சளும் சிவப்புமாக, கல்யாண வீட்டு இலை மாதிரி. மூன்றாவதில் சாம்பல் நிறம். நான்காவது லேசாக அழுக்கு. ஐந்தாவதும் ஆறாவதும் ஒன்றுமில்லாமல் வெறுமையாக வந்தன. ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளில் ஒட்டி நம்பர் போடச் சொன்னார் பாய். என் தப்பு படிப்படியாக வெளுத்துப் போவதைத் தாளில் பார்க்க ஒரு மாதிரி திருப்தியாகவே இருந்தது.

அப்புறம் அசிட்டோனில் ஒரு குளியல், வெதுவெதுப்பில் உலர்த்தல், ஸ்டப்பில் ஒட்டுதல், உயரம் பார்த்தல். கதவை மூடிப் பம்ப்பைப் போட்டோம். பச்சை விளக்கு எரிந்தால்தான் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம். மஞ்சளிலேயே நின்றது. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். எங்கேயோ இடுக்கில் என் சந்தனத்தின் ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருந்தது.

"பக்தி ஜாஸ்தி," என்றார் பாய். வெளியே எடுத்து மறுபடி ஓவனில் வைத்தார். ஒரு மணி நேரம் கழித்து ஏற்றினோம். பச்சை எரிந்தது.

திரையில் முதலில் வெறும் சொரசொரப்புதான் வந்தது. ஒரு பக்கம் புதிதாக உடைந்த இடம், வெளுப்பாக, கிழித்த பன் மாதிரி இருந்தது. மெதுவாக நகர்த்தினோம். ஷாஃப்டின் ஓரத்தில் வேறு ஊருக்கே வந்துவிட்டோம். அங்கே முழுக்கத் துரு, வற்றிய ஏரி மண் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்பு ஒன்றைப் பெரிதாக்கினார். துருவுக்கு அடியில், பாதி புதைந்து, ஓர் உருண்டை. பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி மூன்று சேர்ந்தாற்போல.

"ஜவ்வரிசி!" என்று கத்தினேன்.

பாய் உடனே படத்தைப் பதிவு செய்தார். சந்தோஷப்படவில்லை. "இது உன் விபூதி இல்லன்னு எப்படிச் சொல்லுவ? அதுவும் சாம்பல்தான?"

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. பூசைத் தட்டில் மிச்சமிருந்த விபூதியைக் குச்சி நுனியில் எடுத்து ஒரு ஸ்டப்பில் தூவினேன். விபூதி மின்சாரம் கடத்தாது. ஆகவே அதற்குத் தங்கம் பூசினேன். அபிஷேகம் எல்லாரும் செய்வார்கள், விபூதிக்கே தங்க முலாம் போட்டது நானாகத்தான் இருக்கும். உள்ளே ஏற்றிப் பார்த்தோம். சில்லு சில்லாக இருந்தது. கோணல்மாணல் கட்டிகள், ரம்பம் மாதிரிப் பல் வைத்த தகடுகள். சாணிக்குள் போன புல்லின் மிச்சம் என்று நினைக்கிறேன். எங்கே தேடியும் உருண்டை என்று ஒன்றுகூட இல்லை.

"எப்படி இருக்கு பாய்?"

"நான் இதுல கருத்து சொல்ல மாட்டேன்மா," என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. தோள் குலுங்கியது.

ரிப்போர்ட்டை நான் எழுதினேன், பாய் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது பத்தியை மட்டும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: சோதனைக்கு முன் உடைந்த முகத்தின் மேல் லேப் ஊழியர் ஒருவரால் விபூதி, சந்தனம், குங்குமம் இடப்பட்டது, கற்பூர ஆரத்தி காட்டப்பட்டது, பின்னர் ஆறு முறை பிலிம் உரித்து அகற்றப்பட்டது. பூவிதழை விட்டுவிடலாமா என்று கெஞ்சினேன். "அதையும் போடு" என்றார்.

அடுத்த நாள் செங்கல் கம்பெனி முதலாளி வந்தார். வெல்டரும் வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. ரோட்டோரம் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டார். முதலாளி இரண்டாவது பத்தி வரை படித்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"என்னா பாய் இது? பூச போட்டத ரிப்போர்ட்டுன்னு குடுக்குறீங்க?"

"நடந்தத எழுதியிருக்கோம்," என்றார் பாய். "மறைக்கணும்னா இந்தப் பத்தியே இருக்காதே."

"எங்க கம்பெனில எங்க தொட்டாலும் சாம்பல்தான். ஒடைஞ்சப்புறம் பறந்து வந்து ஒட்டியிருக்கும்."

என் முறை வந்தது. ஆறு உரியல் ஒட்டிய தாளை அவர் முன்னால் வைத்தேன். "பின்னாடி வந்து ஒட்டினது எல்லாம் இதுல வந்துருச்சுங்க. பாருங்க, கடைசி ரெண்டும் வெறும் பிலிம். இந்த உருண்டை அதுக்கப்புறமும் வரல. துருவுக்கு அடியில இருக்கு."

"துருவும் பின்னாடி புடிச்சிருக்கும்."

"ஒட்டு போட்டதுக்கும் ஒடைஞ்சதுக்கும் நடுவுல எட்டு நாள்கூட இல்லீங்க. ஒடைஞ்சப்புறம் புடிச்சதுன்னா புதுசா ஒடைஞ்ச பக்கமும் துருவா இருக்கணும், அது வெளுப்பா இருக்கு. எட்டு நாளுல இவ்ளோ தடிமனாவா துரு புடிக்கும்?"

அவர் தாளைத் தள்ளி வைத்தார். நேராகப் பார்க்க வேண்டும் என்றார். மெஷினில் காட்டினோம். விபூதியையும் ஏற்றிப் பார்த்தோம் என்றதும், முதலில் அதைக் காட்டச் சொன்னார். காட்டியதும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இப்பிடியா கீது?" என்று கவலையாகக் கேட்டார். பிறகு ஷாஃப்ட். உருண்டை திரையில் வந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் வாயைத் திறந்தேன், பாய் கண்ணாலேயே மூடச் சொன்னார்.

"இது நம்ம சாம்பலுதான்," என்றார் முதலாளி கடைசியில். திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உருண்டையா இருந்தாதான் கலவ வழுக்கிக்கினு ஓடும். லோடு எறக்கறப்பவே வெரலுல தேச்சுப் பாப்பேன் நான்." திரையை விரலால் தொட்டார். "அடியிலல்ல போய் குந்திக்கினு கீது."

"ஆமாங்க."

"அப்ப கீறலு எப்பவோ வுட்டிருக்குது."

அவர் வெளியே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெல்டர் பக்கத்தில் போய் நின்று, அவரிடம் ஒன்றுமே பேசாமல், போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"நான்தான் பேசறேன். ஆங். அந்த வெல்டரு... அவரு மேல தப்பு இல்ல. ஷாஃப்டுதான் பழசு. ஆமா, லேபுல பாத்தாச்சு. நானே பாத்தேன்." அப்புறம் அடுத்த நம்பர். அதற்கு அடுத்தது. ஒவ்வொரு போனிலும் அதையே சொன்னார். ஒவ்வொரு போனிலும் "நானே பாத்தேன்" கொஞ்சம் பெரிசாகிக்கொண்டே போனது. நான்காவது போனில் மெஷினைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. வெல்டர் முந்திரி மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி போன் முடிந்ததும் மட்டும், "மிக்ஸரு நிக்குதா?" என்று கேட்டார்.

"நிக்குது."

"சாம்பல தொடச்சு வைங்க. வரேன்."

லேபில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பாயின் கையெழுத்து. சாம்பிளுக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று எழுதி, கீழே என் பேரையும் எழுதியிருக்கிறார், புதிதாக யார் வந்தாலும் காரணம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு வசதியாக. வீட்டில் அப்பாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. ஷிப்டில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். விபூதிக்குத் தங்கம் பூசிய பகுதியை மட்டும் அம்மா இன்னும் மன்னிக்கவில்லை. தப்பு என்பதற்காக இல்லை, அந்தத் தங்கத்தைச் சுரண்டி எடுக்காததற்காக.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் வெல்டர் போன் செய்தார். பின்னால் கிரைண்டர் சத்தம்.

"பாப்பா, புது ஷாஃப்டு மாட்டியாச்சு. ஒட்டும் போட்டாச்சு. இன்னும் ஒரு சுத்துகூட ஓட்டல."

"ரொம்ப சந்தோஷங்க."

"அதுக்கு இல்ல. பொட்டு வைக்கறதுன்னா இப்பவே வந்து வச்சிட்டுப் போயிரு. ஒடைஞ்சப்புறம் வைக்காத."